மிதமான

தமிழ் தெரியும் என்பதால் கிடைத்த வேலை.
மாதம் பதினெட்டாயிரம், ஒரு கிளிப் பலகை,
ஐந்து கேள்வி, கேள்விக்கு ஐந்து கட்டம்.
ஆறு நிமிடத்தில் முடிக்கலாம் என்கிறார் டாக்டர் நாட்கர்ணி.
எனக்கு முடிந்ததே இல்லை.

சயானில் தண்டவாளத்தை ஒட்டி டயாலிசிஸ் கூடம்.
லோக்கல் கடக்கும்போதெல்லாம்
குழாயில் போகிற ரத்தம்
கொஞ்சம் நடுங்குவதாகத் தோன்றும் எனக்கு.
அதெல்லாம் இல்லை என்கிறாள் நர்ஸ்.

ஏழாம் படுக்கை, செண்பகவடிவு, வயது நாற்பத்தாறு,
தாராவியில் இட்லிக்கடை.
"வாழ்க்கைத் தரம் பற்றிச் சில கேள்விகள்" என்று தொடங்கினேன்.
"தரமா? ரேஷன் அரிசிக்குல்லா அது பாப்பாக."

நடமாட்டம்.
"எங்க நடக்க? எங்க வீட்ல நடக்க எடமில்ல, ஏணிதான்.
ஏணிக்குக் கட்டம் இருக்கா?"
இல்லை.
குளிப்பது, உடுத்துவது.
"தண்ணி வார நாளா, வராத நாளா?"
வழக்கமான வேலைகள்.
"மாவு இப்பம் மகன்தான் ஆட்டுதான்.
இட்லி கல்லு மாதிரி.
மூணு வாடிக்கை போயாச்சு."
நான்காம் கட்டத்தில் பேனாவை வைத்துக் காத்திருந்தேன்.
ஐந்தாவதைக் காட்டினாள்.

வலி:
இல்லை, லேசான, மிதமான, கடுமையான, தாங்க முடியாத.
"மிதமான வலியா? மழைக்குத்தான் அப்படிச் சொல்லுவாக.
மிதமான மழைன்னு சொன்ன அன்னைக்குத்தான்
எங்க இட்லிக் கொப்பரை
தெருவுல மிதந்து போச்சு."

கவலைக்கு வருவதற்குள் போன் வந்தது.
உளுந்துக் கடைக்காரன்.
தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கி
ஊசி ஏறாத கையால் படிவத்தையும் பேனாவையும் பிடுங்கிக்கொண்டு
கடைசிக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தாள்,
இந்தியில் பேரத்தை விடாமலே.
கிலோவுக்கு மூன்று ரூபாய் இறங்கினான் அவன்.

சாயங்காலம் கணினியில் ஏற்றினேன்.
ஒன்று என்றால் பூரண நலம்.
பூஜ்யம் என்றால் சாவு.
செண்பகவடிவுக்கு வந்த எண்ணுக்கு முன்னால்
ஒரு கழித்தல் குறி.
தப்பாகத் தட்டிவிட்டேனோ என்று
மறுபடி ஏற்றினேன். அதே எண்.
"அப்படியும் வரும்" என்றார் நாட்கர்ணி.
"சாவைவிட மோசமான நிலை.
ஜனங்களிடம் கேட்டு வைத்த மதிப்புதான்."
எந்த ஜனங்கள் என்றேன்.
"பொதுவாக, ஆரோக்கியமாக இருப்பவர்கள்."
அவர் கெட்டவர் இல்லை.
கட்டிங் சாய் வாங்கித் தந்தார்.

தாதரில் ரயில் மாறும்போதும் அதே நினைப்பு.
சாவுக்கும் கீழே ஏதோ ஓரிடத்தில் படுத்துக்கொண்டு
கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைத்திருக்கிறாள்.

வியாழக்கிழமை அவளே கூப்பிட்டாள்.
"என்ன மார்க்கு?"
சொல்லக்கூடாது என்பது விதி.
அன்றைக்கு அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது.
"பெயிலுன்னா சொல்லிரு தாயி, திருப்பி எழுதிக்கிடுதேன்."
மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்போம் என்றேன்.
பொய்யில்லை, படிவத்திலேயே அப்படித்தான் இருக்கிறது.
"அப்பம் சாயங்காலமா வா.
காலையில உளுந்து ஊறப்போட்டுட்டு வந்திருப்பேன்,
நெனப்பு அதுலயேதான் கெடக்கும்."

காகிதத்தைக் கோப்பில் சேர்க்கையில்தான்
திருப்பிப் பார்த்தேன்.
பேனாவைப் பிடுங்கியவள்
கோடு மட்டும் இழுக்கவில்லை.
எட்டு கிலோ, நூற்றிருபத்தொன்பது ரூபாய் வீதம்,
ஆயிரத்து முப்பத்திரண்டு.
கொடுத்தது நானூறு.
அடியில் ஒரு கோடு.
பாக்கி அறுநூற்று முப்பத்திரண்டு.

கூட்டிக் கழித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது.

எங்கள் ஸ்கேனர்
ஒரு பக்கம்தான் எடுக்கும்.